192 புள்ளியும் நாலாவது செட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்கள், பெற்றோர்கள், பின்னேரங்களில் கிரவுண்டில் பிள்ளைகளைப் பழக்கும் தம்பிமார் எல்லோரும் பொறுமையாக வாசித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நம் கரையோரத்தில் டெனிஸ் என்றால் டெனிஸ் பந்துதான். பந்து வந்து சேர்ந்தது, விளையாட்டு வரவில்லை. அந்தப் பந்தை வைத்துக் கடற்கரை மணலில் கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருக்க டெனிஸைப் பற்றி எழுத வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பழக்குகிறவருக்கும் பழகுகிறவருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அந்த விளையாட்டு ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. உதைபந்தாட்டத்தில் ஒரு பிழையைப் பதினொரு பேர் பங்குபோட்டுக் கொள்ளலாம். ஒற்றையர் டெனிஸில் அடிப்பதும் ஒருவர், தவறவிடுவதும் அதே ஒருவர். பயிற்றுவிப்பாளர் பார்வையாளர் வரிசையில் இருப்பார். போட்டி நடக்கும்போது அங்கிருந்து ஆலோசனை சொல்வது நீண்ட காலமாக விதிமீறலாக இருந்தது. 2022இல்தான் ஆண்களுக்கான ஏ.டி.பி. போட்டிகளில் பரீட்சார்த்தமாக அனுமதித்தார்கள். 2025 ஜனவரியில் சர்வதேச டெனிஸ் விதிகளிலேயே அது சேர்ந்தது.

நம்முடைய பரீட்சை மண்டபமும் அப்படித்தானே? பழக்கியவர் வெளியே, பிள்ளை உள்ளே தனியே. அதனால்தான் அந்த விளையாட்டின் கதைகள் நமக்கும் பொருந்துகின்றன.

1992 ஜூலை, விம்பிள்டன் இறுதிப் போட்டி. அன்ட்ரே அகாசிக்கு வயது 22. எதிரில் குரோஷியாவின் கொரான் இவானிசெவிச். முதல் செட் கைவிட்டுப் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் கிடைத்தது. நாலாவது 1-6 என்று போனது. ஐந்தாவதை 6-4 என்று வென்றார். அவருடைய முதலாவது கிராண்ட் ஸ்லாம் பட்டம் அது. லாஸ் வேகாஸில் இருந்த தகப்பனுக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். சிறு வயதிலிருந்து அவரைப் பழக்கியவர் அந்தத் தகப்பன்தான். அவர் சொன்ன முதல் விஷயம், நாலாவது செட்டைத் தோற்றிருக்கவே கூடாது என்பது.

2009இல் வெளிவந்த தன் சுயசரிதையில் அகாசி இதை எழுதியிருக்கிறார்.

இந்தத் தகப்பன் மைக் அகாசி லேசான ஆள் இல்லை. ஈரானுக்காக 1948, 1952 ஒலிம்பிக்குகளில் குத்துச்சண்டையில் கலந்துகொண்டவர். அமெரிக்காவில் குடியேறி, வீட்டுக்குப் பின்னால் டெனிஸ் திடல் போட்டு, பந்து எறியும் இயந்திரத்தைத் தன் கையாலேயே மாற்றியமைத்து, ஏழு வயது மகனை அதற்கு முன்னால் நிறுத்தியவர். அவருடைய கணக்கு எளிது. ஒரு நாளைக்கு 2,500 பந்து அடித்தால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட பத்து இலட்சம் பந்து. அத்தனை பந்து அடித்த பிள்ளையை யாராலும் வெல்ல முடியாது. மகன் அந்த இயந்திரத்துக்கு வைத்த பெயர் டிராகன். உலகின் முதல்நிலை வீரராக வந்த அந்த மனிதர் தன் புத்தகத்தில் திரும்பத் திரும்பச் சொல்வது, தான் டெனிஸை வெறுத்தேன் என்பதைத்தான்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வருகிற நாள். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. பத்து வயதுப் பிள்ளை 192 எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. முதல் கேள்வி என்ன? "மற்ற எட்டுக்கும் என்ன நடந்தது?" இரண்டாவது கேள்வி, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு?" 

அந்த எட்டுப் புள்ளிதான் அகாசியின் நாலாவது செட்.

இதை எழுதினால் "பிள்ளைகளைக் கண்டிக்கவே கூடாதா சேர்?" என்று கேட்பவர்கள் வருவார்கள். கண்டிப்பைப் பற்றியோ உயர்ந்த இலக்கைப் பற்றியோ நான் குறை சொல்லவில்லை. நான் சொல்வது ஒரு தொழில்முறை விஷயம்.

பழக்குகிறவருக்குத் தேவையான முதல் பொருள் பிள்ளையின் பிழை. பிழையைப் பார்த்தால்தான் எங்கே திருத்துவது என்று தெரியும். நெடும் பிரித்தலில் ஒரு பிள்ளை எந்தப் படியில் தடுமாறுகிறது என்பது அது செய்த வேலையில்தான் இருக்கிறது. ஆனால் பிழைவிட்டால் சேரின் முகம் மாறும் என்று தெரிந்த பிள்ளை என்ன செய்யும்? அழிறப்பரை எடுக்கும். கொப்பி ஓட்டையாகும் வரைக்கும் அழிக்கும். விடை மட்டும் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியிலிருந்து சரியாக வந்துவிடும். நாமும் சரி போட்டுவிட்டுப் போவோம். அந்தப் பிள்ளைக்குப் பிரித்தல் தெரியாது என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியவரும்.

மைதானத்திலும் இதுதான். பயந்த விளையாட்டுப் பிள்ளை தனக்கு ஏற்கெனவே கைவந்த அடியை மட்டும்தான் கோச்சுக்குக் காட்டும். வராத அடியை முயன்று பார்க்காது. முழங்கால் வலிக்கிறது என்றால் சொல்லாது. கோச் பார்ப்பது பிள்ளையின் விளையாட்டை அல்ல, பிள்ளை அவருக்காகத் தயாரித்து வைத்திருக்கும் காட்சியை. பேர்பெக்ட் வேண்டும் என்று நின்றவர், கடைசியில் திருத்துவதற்கு ஒன்றும் கிடைக்காமல் நிற்பார்.

ஒரு வலயமட்ட விளையாட்டுப் போட்டியில் பார்த்தேன். 200 மீற்றர் ஓடி இரண்டாவதாக வந்த பிள்ளை, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நேரம் எவ்வளவு என்று கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே தன்னைப் பழக்கியவரின் முகத்தைத் தேடியது. அவர் கையை உதறிவிட்டு மறுபக்கம் திரும்பிவிட்டார். அந்த நேரம் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையிலேயே சிறந்த நேரமாகக்கூட இருந்திருக்கலாம். கேட்க யாரும் இல்லை. டெனிஸ் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் கவனித்திருப்பீர்கள், பந்து வலையில் பட்டதும் சில வீரர்களின் கண் முதலில் போவது பயிற்றுவிப்பாளர் இருக்கும் வரிசைக்குத்தான். அடுத்த பந்து வர 25 செக்கன். அதில் பாதி அந்த முகத்தை வாசிப்பதில் போய்விடுகிறது.

கல்வியியற் கல்லூரியில் உளவியல் படித்த நண்பர்களுக்காக ஒரு குறிப்பு. போல் ஹெவிட், கோர்டன் பிளெட் என்ற கனடா உளவியலாளர்கள் 1991இல் பூரணத்துவ மோகத்தை மூன்றாகப் பிரித்தார்கள். நானே என்னிடம் குறையில்லாமை எதிர்பார்ப்பது ஒன்று. நான் மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது இரண்டு. மற்றவர்கள் என்னிடம் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் என்னை ஏற்கமாட்டார்கள் என்று நம்புவது மூன்று. மூன்றாவதுதான் மனதை அதிகம் உடைப்பது. தோமஸ் கரன், அன்ட்ரூ ஹில் என்பவர்கள் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் 1989 முதல் 2016 வரை சேகரிக்கப்பட்ட 41,641 மாணவர்களின் தரவை ஒன்றாகப் பார்த்தார்கள். மூன்று வகையும் கூடியிருந்தது. மற்ற இரண்டும் 10, 16 வீதம் கூடியபோது, இந்த மூன்றாவது வகை மட்டும் 33 வீதம் கூடியிருந்தது.

இரண்டாவது வகை கோச்சிடமும் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் இருக்கிறது. அது பிள்ளையிடம் போய்ச் சேரும்போது மூன்றாவது வகையாகிவிடுகிறது.

இன்னொன்று. பயிற்றுவிப்பாளர் - வீரர் உறவை நீண்ட காலம் ஆராய்ந்தவர் சோபியா ஜொவெட். நெருக்கம், ஈடுபாடு, ஒருவருக்கொருவர் இசைந்து வேலை செய்தல் ஆகிய மூன்றோடு நாலாவதாக ஒன்றைச் சேர்க்கிறார். இந்த உறவைப் பற்றி இருவரும் ஒரே மாதிரி நினைக்கிறார்களா என்பதுதான் அது. "நான் கண்டிப்பது பாசத்தினால்" என்று கோச் நினைத்துக்கொண்டிருப்பார். "சேருக்கு என்னைப் பிடிக்காது" என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். அகாசியின் அந்தத் தொலைபேசி அழைப்பில் மிச்சக் கதை ஒன்று இருக்கிறது. தகப்பன் அதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரத்தில்தான் அவர் அழுகிறார் என்பது மகனுக்கு விளங்கியது. பெருமை இருந்தது, கண்ணீரும் இருந்தது. வாயில் வந்தது நாலாவது செட் மட்டும். நம் வாப்பாமார் எத்தனை பேர் இப்படி!

"அப்படிப் பிழிந்ததால்தானே அவர் சம்பியனானார்?" இந்தக் கேள்வி நியாயமானது. பதில் அதே புத்தகத்தில் இருக்கிறது. மைக் அகாசிக்கு நாலு பிள்ளைகள். அன்ட்ரே கடைசிப் பிள்ளை. மூத்த மூவரையும் அவர் சம்பியனாக்கத்தான் பார்த்தார், நடக்கவில்லை. ஒரே தகப்பன், ஒரே முறை, நாலில் ஒன்று. வென்ற ஒருவரை மட்டும் வைத்து முறையை நியாயப்படுத்துகிறோம். பெனரில் படம் வருவது வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைகளுக்குத்தான். கீழே நின்ற பிள்ளைகளின் கதையை யாரும் பெனர் அடிப்பதில்லை.

அகாசியின் கதை தகப்பனோடு முடியவும் இல்லை. 1994இல் பிரட் கில்பர்ட் அவருக்குப் பயிற்றுவிப்பாளராக வந்தார். கில்பர்ட் பார்க்க அழகாக ஆடியவர் அல்ல. ஆனால் கையில் இருந்ததை வைத்து உலகின் நாலாவது இடம்வரை போனவர். அழகில்லாமல் வெல்வதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர். அவர் அகாசியிடம் கண்ட முதல் நோய் பூரணத்துவ மோகம். ஒவ்வொரு பந்தையும் எதிரி தொட முடியாத அடியாக அடிக்கப் பார்க்கிறாய், ஒன்று தவறினால் மனம் உடைந்து மிச்சத்தையும் விடுகிறாய், உலகிலேயே சிறந்தவனாக ஒவ்வொரு நாளும் இருக்கத் தேவையில்லை, இன்று வலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒருவரை விடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதும் என்பது அவர் சொன்னதன் சாரம். அதே 1994இல் தரவரிசைப்படுத்தப்படாத வீரராகப் போய் அமெரிக்க பகிரங்கப் பட்டத்தை வென்றார் அகாசி. 1995 ஏப்ரலில் உலகின் முதலிடம்.

பிறகு விழுந்தார். 1997 நவம்பரில் 141ஆம் இடம். கில்பர்ட் விட்டுவிட்டுப் போகவில்லை. சிறிய போட்டிகளிலிருந்து மீண்டும் தொடங்க வைத்தார். 1999இல் பிரெஞ்சு பகிரங்கப் பட்டம். 141இல் கூட இருந்த ஆளுக்குத்தான் முதலிடத்தில் பேசும் உரிமை உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கக் கதை போதும். மொழியால் நமக்குக் கிட்டிய வீடொன்றும் இருக்கிறது. சென்னையின் கிருஷ்ணன் குடும்பம். டி.கே. ராமநாதன் டெனிஸ் ஆட்டக்காரர். அவர் தன் மகன் ராமநாதன் கிருஷ்ணனைப் பழக்கினார். 1937இல் நாகர்கோவிலில் பிறந்த அந்த மகன் 1954இல் விம்பிள்டன் கனிஷ்ட பட்டத்தை வென்ற முதல் ஆசியர். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி. அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் பாட்டனிடமும் தகப்பனிடமும் பழகி, 1979இல் அதே கனிஷ்ட பட்டத்தை வென்றார். மூன்று கிராண்ட் ஸ்லாம் காலிறுதிகள். 1989 அவுஸ்திரேலிய பகிரங்கப் போட்டியில் அப்போதைய முதல்நிலை வீரர் மட்ஸ் விலாண்டரையே வீழ்த்தினார்.

ரமேஷின் சேர்வ் பலவீனமானது என்பது அந்தக் காலத்து டெனிஸ் பார்த்த எல்லோருக்கும் தெரியும். பெரிய உடல்வாகு இல்லை, முரட்டு அடி இல்லை. இருந்தது மென்மையான கை, பந்தை எங்கே வைப்பது என்ற அறிவு, எதிரியின் வேகத்தையே அவருக்குத் திருப்பிக் கொடுக்கும் நேரக்கணிப்பு. பூரணத்துவ மோகம் பிடித்த கோச் ஒருவரிடம் அகப்பட்டிருந்தால், இல்லாத முரட்டு சேர்வைத் தேடியே அந்தக் கை வீணாகியிருக்கும். அவரது ஆட்டம் இருந்ததன்மீது கட்டப்பட்ட ஆட்டம்.

தகப்பன் கிருஷ்ணனின் ஒரு போட்டியையும் சொல்ல வேண்டும். 1966, கல்கத்தா. டேவிஸ் கிண்ணத்தில் பிரேசிலுக்கு எதிரான தீர்மானிக்கும் போட்டி. எதிரில் தோமஸ் கோச். கிருஷ்ணன் இரண்டுக்கு ஒன்று என்று செட்டில் பின்னால், நாலாவது செட்டில் 2-5. இன்னும் ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. அங்கிருந்து அந்த செட்டை 7-5 என்று எடுத்து, ஐந்தாவதை 6-2 என்று முடித்தார். இந்தியா முதல் தடவையாக டேவிஸ் கிண்ண இறுதிக்குப் போனது. பேர்பெக்ட் ஆட்டம் இல்லையென்றால் ஆட்டமே இல்லை என்று பழகிய மனம் 2-5இல் வீட்டுக்குப் போயிருக்கும். பிழைகளோடு தொடர்ந்து விளையாடத் தெரிந்த மனம்தான் அங்கே நின்றது.

டெனிஸின் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. ரொஜர் பெடரர் 2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பில் பேசும்போது தன் கணக்கைச் சொன்னார். 1,526 ஒற்றையர் போட்டிகள், கிட்டத்தட்ட 80 வீதம் வெற்றி. ஆனால் ஆடிய புள்ளிகளில் வென்றது 54 வீதம் மட்டும். இருபது கிராண்ட் ஸ்லாம் வென்ற மனிதர் கிட்டத்தட்ட இரண்டில் ஒரு புள்ளியைத் தோற்றிருக்கிறார். நம் வகுப்பில் அவர் இருந்திருந்தால் 54 புள்ளிக்கு என்ன எழுதியிருப்போம்? "முயற்சி போதாது"?

கோச்மாருக்கு ஒரு கதை. அரினா சபலென்கா 2022 பருவத்தில் மட்டும் 428 டபுள் போல்ட் விட்டார். மைதானத்திலேயே அழுதார். அவருடைய பயிற்றுவிப்பாளர் அன்டன் டுப்ரோவ் தன்னால்தான் முடியவில்லை, வேறு ஒருவரைப் பார்த்துக்கொள் என்று கண்ணீரோடு சொன்னார். அவர் மறுத்தார், பிழை உங்களிடம் இல்லை, சேர்ந்து கடந்து போவோம் என்றார். உடலசைவு நிபுணர் ஒருவரை வைத்து சேர்வை அடியிலிருந்து மாற்றினார்கள். 2023 ஜனவரியில் அவுஸ்திரேலிய பகிரங்கப் பட்டம். அந்த இறுதிப் போட்டியில் பட்டத்துக்கான முதல் புள்ளி வந்தபோதும் அவர் விட்டது டபுள் போல்ட்தான். ஆனாலும் வென்றார். தன்னால் முடியவில்லை என்று கோச் வாய்விட்டுச் சொன்னதும், தன் 428ஐ ஒளிக்காமல் மேசைமீது போட்டதும்தான் அங்கே வேலை செய்தது.

"சில விஷயங்களில் பிழையே இருக்கக்கூடாதே?" உண்மைதான். ஹிப்ழ் ஓதும் பிள்ளைக்கு ஓர் எழுத்தும் தவறக்கூடாது. ஆனால் அங்கே வழி என்ன? பிள்ளை உஸ்தாதின் முன்னால் சத்தமாக ஓதுகிறது. தடக்குகிறது, திருத்தப்படுகிறது, மறுபடி ஓதுகிறது. சத்தமாகத் தடக்க இடமிருப்பதால்தான் முடிவில் தவறில்லாத ஓதல் வருகிறது. மருதமுனை நெசவாளரைக் கேட்டுப் பாருங்கள். குறையில்லாத சாரன்தான் அவருக்கும் வேண்டும். பாவில் இழை அறுகிறது. தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, தொடர்கிறார். அறுந்ததைக் காட்டாமல் நெய்தால் அந்தக் கோடு சாரன் நெடுக ஓடும்.

இலக்கு உயரமாக இருக்கட்டும். அந்த இலக்குக்குப் போகும் வழியில் பிள்ளை தன் பிழையை நம்மிடம் கொண்டுவருமா, நம்மிடமிருந்து ஒளிக்குமா? நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

நடைமுறைக்கு மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று. பயிற்சி முடிந்ததும் அல்லது பாடம் முடிந்ததும் "இன்றைக்கு எது சரிவரவில்லை? காட்டு" என்று கேளுங்கள். காட்டிய பிள்ளைக்கு முதலில் "காட்டினது நல்லது" என்று சொல்லிவிட்டுத் திருத்துங்கள். ஒரு மாதம் செய்து பாருங்கள். பிள்ளைகள் தாங்களாகவே கொப்பியைத் தூக்கிக்கொண்டு வரும்.

இரண்டு. பழகும் நேரத்தையும் அளக்கும் நேரத்தையும் வேறாக்குங்கள். எல்லா நாளும் மாதிரி வினாத்தாள், எல்லா நாளும் நேரக்கணிப்பு என்றால் புதிதாக ஒன்றை முயன்று பார்க்கப் பிள்ளைக்கு நாளே இல்லை. வாரத்தில் இரண்டு நாளாவது புள்ளி போடாத நாளாக இருக்கட்டும்.

மூன்று. பெறுபேறு வந்த நாளில் எட்டுப் புள்ளியைப் பற்றிப் பேசாதீர்கள். பேச வேண்டும்தான், ஆனால் மூன்று நாள் கழித்துப் பேசுங்கள். முதல் நாள் பிள்ளையைக் கட்டிப்பிடித்து உம்மா என்ன சமைத்திருக்கிறா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெட்டுப்புள்ளி கிடைக்காத வீட்டில் இது இன்னும் அவசியம். மைக் அகாசி அழுதது மகனுக்குக் கேட்டது தற்செயல். உங்கள் பிள்ளைக்கும் அப்படிக் கேட்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். வாயால் சொல்லிவிடுங்கள்.

இதில் உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள். முக்கியமாக மைதானத்தில் பிள்ளைகளைப் பழக்குபவர்கள். உங்களிடம் ஒரு பிள்ளை கடைசியாகத் தன் பிழையைத் தானாக வந்து சொன்னது எப்போது, நீங்கள் என்ன சொன்னீர்கள்? அதை அறிய எனக்கு உண்மையிலேயே ஆசை.